வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்

யாருக்காக நிற்கிறாய் என்று கடையின் விற்பனைக்காரன், நீலச்சட்டைக்காரன், மறுபடியும் கேட்டான். அப்பா வர்றாரு என்று யுவராஜ் மறுபடியும் சொன்னான். சொன்ன பிறகுதான் தன் வாய் சொன்னது தன் காதில் விழுந்தது. விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏனென்றால் இதே வாக்கியம், ஏறக்குறைய இதே வாக்கியம்தான், இன்று காலை பேப்பரில் வந்து எபிக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறது. எபி என்கிற எபினேசர். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்ச். அவனிடம் போய், டேய் நீ ஜெயிச்சுட்டே, ஆறு மணிக்குள்ள பூங்காவுக்கு வா என்று சொல்லத்தான் இவனை வீட்டிலிருந்து அனுப்பினார்கள். எபியின் வீடு இந்தக் கடைக்குப் பின்னாடிச் சந்தில். பூங்கா கடைக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் கேட். நடுவில் ஏ.சி., வாஷிங் மெஷின் விற்கிற இந்தக் கடை. கடைக்குள்ளே ஏ.சி. ஏ.சி.க்குக் கீழே இவன். வியர்வை காய்ந்து கழுத்தில் உப்பாகப் பொரிந்துகொண்டிருந்தது. வெளியே மே மாசத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் கத்திரி வெயில், ரோட்டில் ஆட்டோக்களின் நிழல்கூட வெயில் தாங்காமல் நீண்டு பிளாட்பாரத்தில் ஏறிப் படுத்திருந்தது. இப்போது கிளம்பினால் போதும். இன்னும் நேரம் இருக்கிறது. கிளம்பலாம். இந்தக் காத்து இன்னொரு சுற்று வந்து முகத்தில் பட்டதும் கிளம்பலாம் என்று அவன் நினைத்தான். காத்து வந்தது, பட்டது, போனது. சரி, அடுத்த சுற்று.

சனியன் பிடித்த எருமை. எல்லாம் அந்த எருமையால் வந்தது. ‘நம்ம வட்டாரம்’ என்று ஒரு பேப்பர், காசு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்கு மேலே சுருட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். எந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் வராது, எந்த நாய்க்குத் தடுப்பூசி முகாம், எந்தக் கல்யாண மண்டபத்தில் புடவைத் தள்ளுபடி, யாருடைய பூனையைக் காணோம், இதுதான் எட்டுப் பக்கமும். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு கார்ட்டூன். வசனம் இல்லாத கார்ட்டூன். ‘சொல்லுங்க, சிரிக்கிறோம்’ என்று தலைப்பு போட்டிருக்கும், நாம் வசனம் எழுதி, கீழே உள்ள கூப்பனை வெட்டி அனுப்ப வேண்டும். யுவராஜ் வாராவாரம் அனுப்புகிறான். சும்மா இல்லை, யோசித்து, நாலைந்து எழுதி, அடித்து, குளிக்கும்போது சொல்லிப் பார்த்து அனுப்புகிறான். ஒரு தடவைகூட வந்ததில்லை. போன தடவை படம் என்னவென்றால், ஏ.சி. விற்கிற கடைக்குள்ளே ஒரு எருமை நிற்கிறது. நல்ல கொழுத்த எருமை, காத்து முகத்தில் படுகிற சுகத்தில் கண்ணை மூடியிருக்கிறது. விற்பனைப் பையன் முதலாளியிடம் கையை விரித்து என்னவோ சொல்கிறான். என்ன சொல்கிறான்? யுவராஜ் எழுதியது: ‘ஒன்றரை டன் ஏ.சி. கேட்டோம் சார், ஒன்றரை டன் எருமையை அனுப்பிட்டாங்க.’ எழுதி முடித்ததும் இவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. இதுதான், இந்தத் தடவை நாம்தான் என்று நினைத்தான். அம்மாவிடம் சொன்னான், அம்மாவுக்கு டன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. விளக்கிய பிறகு, ஓ, என்றாள். அப்பாவிடம் சொன்னான். அப்பா, ம், என்றார்.

அந்த ம் இருக்கிறதே. அப்பா பஸ் கண்டக்டர். பகல் முழுக்கக் கத்துகிற வாய், வீட்டுக்கு வந்தால் அதற்கு லீவு. சில்லறை கேட்கிற குரலில்தான் சோறு கேட்பார், இரண்டு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது. யுவராஜுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான். மிமிக்ரி பண்ணியிருக்கிறான், ஹெட்மாஸ்டர் மாதிரி, கீழ்வீட்டு மாமா மாதிரி, ஒரு தடவை அப்பா மாதிரியே. அன்றைக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள், அப்பா வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். ஸ்கூலில் இவன்தான் காமெடி. இவன் எழுந்து நின்றாலே பின்பெஞ்ச் சிரிக்கும். ஆண்டு விழாவில் இவன் இல்லாமல் நிகழ்ச்சி கிடையாது, அப்பா ஒன்றுக்கும் வந்ததில்லை, ட்யூட்டி. அப்படிப்பட்ட அப்பா இன்று காலை பனியனோடு சேரில் உட்கார்ந்து ‘நம்ம வட்டார’த்தை விரித்து, தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்து, திருப்பி, கடைசிப் பக்கத்துக்கு வந்து, சிரித்தார். முதலில் மூக்கில் ஒரு சத்தம், ரொம்ப நாள் ஓடாத வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. பேப்பரை மடியில் போட்டுவிட்டு ஒரு கையால் கண்ணைத் துடைத்தார். யுவராஜ் ப்ரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றான். வாயில் நுரை. நம்மதுதான் வந்திருக்கு, டன்னு இப்பத்தான் புரிஞ்சிருக்கு அவருக்கு. அந்த ஒரு நொடி, அந்த ஒரே நொடியில் எவ்வளவு சந்தோஷப்பட்டான் என்பதை நினைத்தால் இப்போது கடைக்குள் நின்று கொண்டே காது சுடுகிறது. “ஏய், இங்க வாயேன்” என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். “இதைப் படி. ‘வாங்கறதுக்கு வரலையாம் சார். வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் நிக்கிறாங்களாம்.’ எருமைடி! எருமை சொல்லுது!” அம்மா சிரித்தாள், விளக்கம் கேட்காமலே சிரித்தாள். அப்பா விடவில்லை. “நம்ம வண்டில ஏறுற கூட்டம்தான் இது. டீலக்ஸ்ல ஏறிக்கிட்டு, டிக்கெட்டுன்னா பின்னாடி எங்க வீட்டுக்காரர் எடுப்பாருங்கும். பின்னாடி போய்க் கேட்டா அந்தாளு, முன்னாடி எங்க வீட்ல எடுத்துட்டாங்களேங்கும். யார்றா இதை எழுதினது?” பேப்பரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “எபினேசர். டேய், நம்ம எபியாடா?”

நம்ம எபி. வாயில் இருந்த பேஸ்ட்டைத் துப்பிவிட்டு வந்து யுவராஜ் எட்டிப் பார்த்தான். எபியின் வசனம் பெரிய எழுத்தில், கட்டம் கட்டி. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி, அடுத்த இடம் யுவராஜ், ஒன்றரை டன் ஏ.சி. கேட்டோம் சார். அதற்கும் கீழே இன்னும் பொடியாக, நேரில் வந்து வாங்காதவர் பரிசு அடுத்த இடத்துக்குப் போகும். அப்பா அந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை. பேப்பரை மடித்தபோது மடிப்பு சரியாக யுவராஜின் பெயர் மேலேயே விழுந்தது. இவனும் காட்டவில்லை. என்னத்தைக் காட்டுவது? இதோ பாருங்க, நானும் இருக்கேன், எறும்பு சைஸில? ஏன் காட்டல, காட்டியிருக்கலாம், காட்டியிருந்தா, ம், என்றிருப்பார். அந்த ம்முக்குப் பயந்துதான் காட்டவில்லை, வேறு ஒன்றும் இல்லை. இதிலே கொடுமை, அந்தக் கூப்பனே யுவராஜ் கொடுத்தது. எபி இருக்கும் சந்துக்குள் பேப்பர்க்காரன் வரமாட்டான், அங்கே கேட்டும் கிடையாது, எறிந்தால் யார் வீட்டு வாசல் என்றும் தெரியாது. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் பேப்பர் சும்மாதானே கிடக்கிறது என்று யுவராஜ்தான் அதை எடுத்துக்கொண்டு போய், எபி வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையில் நீட்டி, நீயும் ஏதாவது எழுதேன்டா, உனக்கெங்க காமெடி வரப்போவுது என்று சொன்னான். நிஜமாகவே அப்படித்தான் சொன்னான். எபி சிரித்துக்கொண்டே கல்லாப்பெட்டி மேல் வைத்து எழுதினான், யோசிக்கக்கூட இல்லை, ஒரே மூச்சில் எழுதி மடித்துக் கொடுத்தான். படிச்சுப் பாக்கலையா என்றான். யுவராஜ், பாத்துக்கலாம் விடு என்று பையில் போட்டான். எபி போனில் ரீசார்ஜ் தீர்ந்து இன்கமிங்கும் கட்டாகிவிட்டது, அதனால் கூப்பனில் முகவரியும் போன் நம்பரும் யுவராஜ் வீட்டுடையது. இவனே கொண்டுபோய் பேப்பர் ஆபீஸ் பெட்டியில் போட்டான், தன்னுடையதையும் எபியுடையதையும் ஒன்றாக, ஒரே கையால். அந்தக் கையை இப்போது கடை வெளிச்சத்தில் பார்த்தான். நகத்தில் அழுக்கு.

மத்தியானம் சாப்பிடும்போது பேப்பர் ஆபீஸிலிருந்து அப்பா நம்பருக்குப் போன் வந்தது. எபினேசர் இருக்காரா என்று கேட்டார்கள். அப்பா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்க பையன் மாதிரிதான் சார், நான் சொல்லிடறேன்” என்றார். எங்க பையன் மாதிரி. அப்போ எங்க பையன் எது மாதிரி? சாயங்காலம் பூங்காவில் கோடைக் கொண்டாட்டம், அங்கேதான் பரிசு, ஆறு மணிக்கு மேடை, ஆள் நேரில் வரணும், பரிசு ஒரு ஸ்டாண்ட் ஃபேன். போனை வைத்துவிட்டு அப்பா மோர் ஊற்றிக்கொண்டார். “நீ போய் எபிகிட்ட சொல்லு. ஆறு மணிக்கு முன்னாடி வரச் சொல்லு. முடிஞ்சதும் அப்படியே ராத்திரி சாப்பாட்டுக்கு இங்க கூட்டிட்டு வா.” ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி யுவராஜ் கேட்டதில்லை. அம்மா அப்போதே, கோழி எடுத்துட்டு வரட்டுமா என்றாள். அப்புறம் அப்பா சொன்னார், நானும் வந்து பாக்கறேன். சொல்லிவிட்டு, எழுந்து, தானே வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார்! ட்யூட்டி இல்லாத நாளில், கல்யாணத்துக்குக்கூட அம்மா பத்துத் தடவை சொன்னால்தான் சட்டை மாற்றுகிற மனுஷன். யுவராஜ் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சூடான துணி வாசனை பின்னாலேயே வந்தது, தெருமுனை வரைக்கும் மூக்கில் இருந்தது.

தெருமுனையில் நுங்கு விற்கிறவனைத் தாண்டி, தண்ணீர் லாரி ஒழுகிய ஈரம் காய்ந்துபோன இடத்தைத் தாண்டி, நேராகப் போயிருந்தால் எபி வீடு. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட், இந்த வெயிலுக்கு அடை சுடலாம். எபியின் அம்மா தரையில் ஈரப் புடவையை விரித்துப் போட்டிருப்பார். எபியின் தங்கச்சி பிளெஸ்ஸி முதுகெல்லாம் வேர்க்குரு, சொறிந்து சொறிந்து ரத்தம், முட்டியைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பாள். அவர்கள் ஃபேன் காயில் போய் ஏப்ரலிலேயே நின்றுவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்தது திரும்பவில்லை. இதெல்லாம் யுவராஜுக்குத் தெரியும். தெரியாமல் ஒன்றும் இல்லை. இவன் வீட்டில் மூன்று ஃபேன், அதில் ஒன்று சும்மாவே சுற்றும், அம்மா திட்டுவாள். இந்த ஃபேன் வந்தால் இவன் வீட்டில் எங்கே வைப்பது? வேண்டாம். ஃபேன் வேண்டாம். ஃபேனை எபியே எடுத்துக்கட்டும், ஃபேனை எபி வீட்டுக்கே கொண்டு போகட்டும், சிரிப்பை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போகட்டும். இப்படி நினைத்ததும் இவனுக்கே அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தும் நினைப்பு நிற்கவில்லை, கால்தான் நின்றது, இந்தக் கடை வாசலில். கண்ணாடிக் கதவை யாரோ திறந்தார்கள், உள்ளே இருந்து ஒரு குளிர் வந்து முட்டியில் பட்டது. ஒரு நிமிஷம் என்று நுழைந்தான்.

நுழைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பொய், நுழைகிறதுக்கு முன்னாடியே ஞாபகம் இருந்தது. போன மே மாசம் இதே கடை, இதே மூலை, இவனும் எபியும். கிரிக்கெட் ஆடிவிட்டு வெயில் தாங்காமல் நுழைந்தார்கள். அன்றைக்கு வேறொரு விற்பனைக்காரன், மீசை வைத்தவன், பக்கத்தில் வந்து, என்ன வேணும் என்று கேட்டான். திருடனைப் பிடித்த மாதிரி இருந்தது அவன் கேட்டது. அப்பா வர்றாருண்ணா, அவர் வர்ற வரைக்கும் நிக்கிறோம் என்றான் யுவராஜ். மீசைக்காரன் நம்பினானோ இல்லையோ போய்விட்டான். இரண்டு பேரும் கை கட்டிக்கொண்டு அந்தக் குளிரில் அப்படியே நின்றார்கள், இவன் அடிக்கடி வாசலைப் பார்த்தான், நிஜமாகவே யாரோ வரப்போகிற மாதிரி. கரண்ட் போனதும் வெளியே வந்தார்கள். வெளியே வந்ததும் எபி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்தான், தலையை முட்டிக்குள் விட்டுக்கொண்டு சிரித்தான். ஏன்டா சிரிக்கிற என்று கேட்டால் கையை ஆட்டினான், ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணுமில்லைதான் ஒரு வருஷம் அவன் வயிற்றுக்குள் கிடந்து ஊறி, கல்லாப்பெட்டி மேல் ஒரே மூச்சில் வெளியே வந்திருக்கிறது. அப்போ அது யாருடைய வசனம்? என்னுது. நான் சொன்னது. எபி எழுதினான், அவ்வளவுதான், ஜெராக்ஸ் எடுத்தான், அவன் வேலையே அதுதானே. பூங்காவுக்குப் போய் மைக்கைப் பிடுங்கி, இது நான் சொன்னது என்று சொன்னால் என்ன? யுவராஜ் கொஞ்ச நேரம் இதைப் பிடித்துக்கொண்டு நின்றான், சுகமாக இருந்தது, காத்து மாதிரி. ஆனால் அது நிற்கவில்லை. இவன் அன்றைக்குச் சொன்னது ஜோக் இல்லை. பயத்தில் சொன்னான். அதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று இவனுக்குத் தெரியவே தெரியாது, அது தெரிந்தவன் எபி. இவன் வாராவாரம் உட்கார்ந்து டன்னைத் தேடிக்கொண்டிருந்தபோது, எபி இவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்படியென்றால் அந்தப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது யார்? அப்பா காலையில் பனியன் குலுங்கக் குலுங்கச் சிரித்தது யாரைப் பார்த்து? அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் என்னைப் பார்த்துத்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அப்பாவை நான் சிரிக்கவைத்திருக்கிறேன், அதற்கும் பேர் எபினேசர்.

“தம்பி, அப்பா எந்த ஊர்ல இருந்து வர்றாரு?” நீலச்சட்டைக்காரன் இவனிடம்தான் கேட்டான், ஆனால் கல்லாவில் இருந்த அக்காவுக்கும் கேட்கிற மாதிரி. அக்கா தலையைத் தூக்கினாள். கை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள், ஏ.சி. கடைக்குள்ளே, கல்லா மூலைக்குக் காத்து வராது போலிருக்கிறது. விசிறி இல்லை அது, மடித்த ‘நம்ம வட்டாரம்’. “டேய் தினகர், இங்க பாரேன்” என்று அதை விரித்தாள். “காலைலேர்ந்து படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறேன். வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் நிக்கிறாங்களாம்! இவன் அப்பா வர்றாருங்கிறான். அதே கேசுதான்டா இது!” தினகர் குனிந்து படித்தான். படித்துவிட்டு இவனைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். வாஷிங் மெஷின் பக்கம் நின்ற ஒரு அம்மாவும் என்னவென்று தெரியாமல் சேர்ந்துகொண்டாள். “எழுதினவன் நம்ம கடைல எங்கேயோ நின்னிருக்கான்க்கா. இல்லேன்னா இப்படி எழுத வராது” என்றான் தினகர். யுவராஜுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இவனால் முடியாது, எப்போதுமே முடியாது. “அது நான் சொன்னது” என்றான். “எது?” “அந்த வசனம். அது நான் சொன்னது.” தினகர் படத்தில் விரலை வைத்தான். “எது, எருமை சொல்லுதே, அதுவா?” அக்கா மேஜை மேல் தலையை வைத்துவிட்டாள். கடையே சிரித்தது. ஆண்டு விழாவில்கூட இவனுக்கு இவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை.

போய்விடலாம் என்று கதவுப் பக்கம் நகர்ந்தான். போயிருந்தால் எபி வீட்டுக்குத்தான் போயிருப்பான், அது சத்தியம், அந்த அவமானத்தில் ஓடியிருப்பான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூங்கா கேட், கேட்டுக்குள்ளே கலர் காகிதம் ஒட்டிய மேடை, மேடைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை. அப்பா. நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டார். முழங்கை வரை மடித்துவிடாத முழுக்கைச் சட்டை, வகிடு எடுத்த தலை, மடியில் கை. ஒவ்வொரு தடவை யாராவது கடைக்குள் வரக் கதவைத் திறந்தபோதும் மைக் சத்தம் வெயிலோடு சேர்ந்து உள்ளே விழுந்தது, மூடியதும் அறுந்தது. கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு. கதவு மூடியது. ஒரு சின்னப் பையன் ஒரு கால் செருப்போட மேடைக்குப் பின்னாடி அழுதுட்டிருக்கான், அவங்க அம்மா. கதவு மூடியது. நாளைக்கு மூணாவது தெருவுக்குத் தண்ணி லாரி. மூடியது. யுவராஜ் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றான். அப்பா திரும்பித் திரும்பி கேட்டைப் பார்த்தார். யாரைப் பார்க்கிறார்? எபியை. நம்மையும்தான் பார்ப்பார், நாம்தானே கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் எபிக்காகத்தான் நம்மைப் பார்க்கிறார். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள், பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாப்பை நோக்கி ஓடினான், அப்பாவோட வண்டி நின்றிருந்தது, படிக்கட்டில் அப்பா. பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இரண்டு விசில் கொடுத்தார், வண்டி போய்விட்டது. ராத்திரி கேட்டதற்கு, ஒருத்தனுக்காக நின்னா உள்ள இருக்கிற அறுபது பேருக்கு லேட்டு என்றார். ஓடி வருகிற எவனுக்காகவும் அவர் வண்டி நின்றதில்லை, அது அவருக்குப் பெருமை.

கதவு திறந்தது. “சொல்லுங்க சிரிக்கிறோம் போட்டி, முதல் பரிசு, எபினேசர். எபினேசர் மேடைக்கு வரவும்.” மூடியது. மேடையில் அந்த ஃபேன் நின்றது, பாலிதீன் சுற்றி, தலை குனிந்து. கூட்டத்தில் ஒருத்தரும் எழவில்லை. ஓடினால் இப்போதும் முடியும். பின்சந்து, எபியின் கையைப் பிடித்து இழுத்தால் போதும், அவன் லுங்கியோடகூட வருவான். இல்லையென்றால் ரோட்டைத் தாண்டினால் போதும், அடுத்த இடம் யுவராஜ் என்று கூப்பிடுவார்கள், ஏறலாம், அப்பா முன்னாடி ஏறலாம். ஏறினால் அப்பா கேட்பார், எபி எங்கடா? இந்த மூன்று நினைப்பும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒரே வாசலில் சிக்கிக்கொண்டன, ஒன்றும் வெளியே வரவில்லை. வாஷிங் மெஷின் அம்மா ஒன்றும் வாங்காமல் வெளியே போனாள், கதவு திறந்தது. “எபினேசர் இருக்காரா? கடைசியா ஒரு தடவை கூப்பிடறோம். இல்லேன்னா அடுத்த இடத்துல.” அப்போது அப்பா எழுந்தார். கையைத் தூக்கினார், பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி. நடந்தார், மேடைப் படியில் ஏறினார், இவனுடைய அப்பா, ஒரு ஆண்டு விழாவுக்கும் வராத அப்பா, மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். கதவை மூட விடாமல் யுவராஜ் காலைக் கொடுத்தான். அனல் காலில் ஏறியது. “கொஞ்சம் பொறுத்துக்கணும்” என்றார் அப்பா, பூங்கா முழுக்க, ரோடு முழுக்க. “பையன் வந்துட்டிருக்கான். ஒரு அஞ்சு நிமிஷம். என் பையனைத்தான் அனுப்பியிருக்கேன், அவன் கண்டிப்பாக் கூட்டிட்டு வந்துடுவான்.” கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எபிக்காக வண்டியை நிறுத்திவிட்டார். மைக்கில் என் பையன் என்றும் சொல்லிவிட்டார், இரண்டையும் ஒரே வாயால் சொன்னார், எதைப் பிடித்துக்கொள்வது என்று யுவராஜுக்குத் தெரியவில்லை. அப்பா மேடையிலிருந்து இறங்காமல் அங்கேயே ஃபேன் பக்கத்தில் நின்றார், கேட்டைப் பார்த்துக்கொண்டு, கை கட்டிக்கொண்டு.

“தம்பி, ஏ.சி. காத்தெல்லாம் வெளிய போவுது. உள்ள வா, இல்ல வெளிய போ.” தினகர் பின்னால் நின்றான், இப்போது சிரிக்கவில்லை. “கடைசியா கேக்கறேன். உங்கப்பா வருவாரா மாட்டாரா?”

“வந்துட்டாரு” என்றான் யுவராஜ்.

காலை எடுத்தான். கதவு மெதுவாக, தன்பாட்டுக்கு வந்து மூடிக்கொண்டது, மைக் சத்தம் அறுந்தது, காத்து மறுபடி கழுத்தில் பட்டது. எபிகிட்ட சொல்லு, ஆறு மணிக்கு முன்னாடி வரச் சொல்லு, முடிஞ்சதும் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா. இவ்வளவுதான் அப்பா சொல்லி அனுப்பினது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவன் நின்றுகொண்டிருந்தான்.